முற்றோதலில் கூடப் பாடினால் ஆய்வாளர் இல்லையா?

குடமுருட்டி (கும்பகோணம்) · செவ்வாய், இரவு 10:40

ரெண்டு வருஷமா இங்க வாசிக்கிறதோட சரி, எழுதினதில்லை. இன்னிக்கு எழுதாம தூக்கம் வராது போல.

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில பகுதி நேரமா முனைவர் பட்டம் செய்யறேன். தலைப்பு, காவிரிப் படுகையில் பெண்கள் கூடி நடத்துற திருவாசக முற்றோதல். மூணு குழுவோட போய்க்கிட்டு இருக்கேன். திருவாரூர் பக்கம் ஒன்னு, குத்தாலம் பக்கம் ஒன்னு, எங்க தெருவுலயே ஒன்னு. தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன், முற்றோதல்னா முழு நூலையும் ஒரே நாள்ல பாடி முடிக்கிறது: காலையில ஆறு மணிக்குச் சிவபுராணத்துல தொடங்கினா 51 பதிகம், 658 பாட்டு. அச்சோப் பதிகம் முடியறப்போ பொழுது சாயத் தொடங்கிடும்.

எனக்கு இது வெறும் களம் இல்லை. அப்பாயி மடியில படுத்துக் கேட்டது. இப்பவும் காலையில அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கிறது.

மூணாவது இயலை நெறியாளர்கிட்ட கொடுத்தேன். ‘பாடும்போது எனக்கு’ன்னு தொடங்குற நாலு வாக்கியத்தையும் சிவப்பு மையில அடிச்சு, ஓரத்துல ‘ஆய்வாளர் உணர்ச்சிவயப்படல் தவிர்க்க’ன்னு எழுதித் திருப்பிக் கொடுத்தார். சரின்னு அந்த ஞாயித்துக்கிழமை திருவாரூர் பக்கம் போனா, குழுவை நடத்துற பெரியம்மா (74 வயசு) எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க: “நீ பாடறதுக்கு வர்றியா, எழுதறதுக்கு வர்றியா?” கையில இருந்த குறிப்பேட்டைத் தன்னால மூடிட்டேன்.

அதோட நிக்கலை. சமய தீட்சை வாங்கிக்கோ, அடுத்த வருஷம் நீயே நடத்துங்கறாங்க.

ஆக, அங்க நான் பக்தை. இங்க நான் உளவாளி. ஆய்வேட்டுல ‘நான்’ எழுதலாமா? களப்பணி முடியறதுக்கு முன்னாடி தீட்சை வாங்கலாமா? படிப்பையும் பயிற்சியையும் சேர்த்துப் பார்த்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.


நெல்லுக்கடை (மன்னார்குடி) · செவ்வாய், இரவு 11:02

மதியச் சாப்பாடு என்ன போடுவாங்கன்னு சொல்லாம விட்டுட்டீங்களே. முக்கியமான தரவு அது.


திண்ணை_வாத்தியார் (மயிலாடுதுறை) · புதன், காலை 5:15

அம்மா, வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் நடத்தியவன். உங்கள் சிக்கல் புகார் நகரத்துப் பெண் ஒருத்திக்கும் வந்ததுதான்.

மணிமேகலையின் 30 காதைகளில் மாணவர்கள் தேர்வுக்குப் படிப்பது ஆபுத்திரனையும் அமுதசுரபியையும். கடைசி நான்கை யாரும் புரட்டுவதில்லை. 27-ஆம் காதையில் அவள் வஞ்சி நகரில் வைதிகம், சைவம், வைணவம், ஆசீவகம், நிகண்டம் (சமணம்), சாங்கியம், வைசேடிகம், பூதவாதம் என்று ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் ‘உன் கொள்கை என்ன, சொல்’ என்று கேட்கிறாள். 29-இல் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அளவை நூல் பாடம். ஏது (காரணம்), எடுத்துக்காட்டு, எது போலி என்று பக்கம் பக்கமாகத் தருக்கம். முப்பதாவதில்தான் நோன்பு. ‘பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை’ என்றே தலைப்பு. கேட்டாள், அளந்தாள், பிறகு உட்கார்ந்தாள்.

இன்னொன்று. வஞ்சியில் அந்தச் சமயக் கணக்கரிடம் போகும்போது அவள் பெண்ணாகப் போகவில்லை. மந்திரத்தால் மாதவன் (ஆண் தவசி) வடிவம் எடுத்துக்கொண்டுதான் போனாள். உங்கள் நெறியாளர் அடித்த ‘நான்’ அங்கேயே ஒருமுறை அடிக்கப்பட்டிருக்கிறது.

காவிரித் தென்கரைக்குப் போய்ப் பசுவுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். பிறகு வருகிறேன்.


கடைமடை (திருத்துறைப்பூண்டி) · புதன், மதியம் 1:30

வாத்தியாரய்யா சொன்னது சரிதான். ஆனா ஒன்னு கேக்கணும். குடமுருட்டி, உங்க மூணு குழுவுலயும் உட்கார்றவங்க எந்தத் தெரு?

கோபத்துல கேக்கலை. நான் வெண்மணிக்குப் பக்கத்து ஊர்க்காரன். 1968 டிசம்பர் 25-ல 44 பேரை உள்ள வச்சுக் கொளுத்தினப்போ இந்தப் படுகையில தேவாரம், திருவாசகம் எதுவும் நிக்கலை. பாட்டு பாட்டுக்கு நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அதனால ‘பெண்களின் ஆன்மிகம்’னு ஒரே வார்த்தையில சொல்றப்போ எனக்குக் கொஞ்சம் நெருடுது.

கண்ணை மூடி அசையாம உட்கார்ந்தா தியானம். அதே பொம்பளை சமயபுரத்துல முடியை விரிச்சுப்போட்டு ஆடினா அது ‘நாட்டுப்புற வழிபாடு’, வேற துறை, வேற ஆய்வேடு. மாசிக் கடைசியிலேர்ந்து சமயபுரத்தா 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்குறா. சாமி ஜனங்களுக்காக விரதம் இருக்குற ஊரு அது. கூடவே எத்தனை பொம்பளைங்க இளநியும் துள்ளு மாவுமா பொழுதை ஓட்டுறாங்க! அதுக்குப் பேரு பயிற்சி இல்லையா?

எங்கம்மா நாத்து நடுற கூலி. குனிஞ்சா நிமிர ரெண்டு மணி நேரம் ஆகும். வாய் ஏதாச்சும் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். என்னம்மா பாடுறேன்னு கேட்டா, “பாடலடா, முதுகை மறக்குறேன்”னு சொல்லும். இப்ப நடவு மெஷின் வந்துருச்சு. அதுல உட்கார்ந்துக்கிட்டு யாரும் முணுமுணுக்கிறதில்லை.


பிராணநாதன் (தஞ்சாவூர்) · புதன், மாலை 4:10

ஆண்களுக்கென்று தனி ஆன்மிகம் கிடையாதா? எதற்கெடுத்தாலும் பெண்கள், பெண்கள்.


அயல்கரை (சொந்த ஊர் வலங்கைமான், இப்போது அமெரிக்கா) · புதன், இரவு 8:55

பிராணநாதன் சார், ஒரு கணக்குச் சொல்றேன். 63 நாயன்மார்ல பெண்கள் மூணு பேர். மிச்சம் 60 பேரைப் பத்தின ஆன்மிகம்தான் நீங்க கேட்டது. எடுத்துக்குங்க.

குடமுருட்டி, இங்க ஒரு கல்லூரியில சமய ஆய்வு நடத்துறேன், அதனால நீங்க மாட்டியிருக்கிற இடம் எனக்குப் பழக்கமானது. இந்த விவகாரத்தை ஒரு துறையாவே வச்சு அம்பது வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்காங்க. ஹார்வர்டு இறையியல் பள்ளியில பெண்களும் சமயமும் பத்தின ஆய்வுத் திட்டம் 1973-லயே தொடங்கிடுச்சு. சான் பிரான்சிஸ்கோவுல ஒரு கல்வி நிறுவனம் 1990-கள்ல பெண்கள் ஆன்மிகம்னே பட்டப்படிப்பு வச்சுது.

ரீட்டா கிராஸ்னு ஒருத்தங்க. சமய வரலாற்றுப் பேராசிரியை, திபெத்திய பௌத்த மரபுல தீவிரமா தியானம் பழகினவங்க, பெண்ணியவாதி. மூணையும் மறைக்காம எழுதினாங்க. 2015-ல காலமானாங்க. பௌத்தர்கள்கிட்ட போய் ‘உங்க மரபுல ஆணாதிக்கம் இருக்கு’ன்னும், பெண்ணியவாதிகள்கிட்ட போய் ‘கோபத்தோட மட்டும் உட்கார்ந்திருக்க முடியாது, மனசையும் பார்க்கணும்’னும் சொன்னா ரெண்டு பக்கமும் அடி விழும். வாங்கிக்கிட்டாங்க. ஹூஸ்டன்ல ஆன் கிளைன்னு இன்னொருத்தங்க. பல்கலைக்கழகத்துல பௌத்தம் நடத்துவாங்க, அதே ஊர்ல திபெத்திய பௌத்த மையத்தையும் கணவரோட சேர்ந்து ஏற்படுத்தினாங்க.

நம்ம பக்கத்துக்குக் கிட்டத்துல வர்றது வசுதா நாராயணன். ஃபுளோரிடாவுல பேராசிரியை, ஸ்ரீவைஷ்ணவப் பின்னணி, திருவாய்மொழி பத்தி நிறைய எழுதினவங்க. அமெரிக்கச் சமய ஆய்வுக் கழகத்துக்கே தலைவரா இருந்தாங்க. 2000-ல ஒரு கட்டுரை எழுதினாங்க, தலைப்புலயே முக்தியும் பருப்பும் சேர்ந்து வரும். இந்து மதம்னா கர்மம், மோட்சம்னு பாடப் புத்தகம் ஆரம்பிக்கும். அவங்க வீட்டுப் பெண்கள் மோட்சத்தைப் பத்திப் பேசினதே அபூர்வம். எந்த நாளுக்கு எந்தப் பருப்பு, எந்தக் காய்ங்கிறதுல மட்டும் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. அந்தப் பருப்பைச் சமயம்னு எழுத நமக்கு ஏன் கை வரலைன்னு கேட்டாங்க. (நெல்லுக்கடை, உங்க கேள்வி ஆராய்ச்சிக் கேள்விதான். சும்மா சொல்லலை.)

நடைமுறைக்கு வர்றேன். ‘நான்’ஐ மூணாவது இயல்ல தூவாதீங்க. முதல் இயல்ல ‘ஆய்வாளர் நிலை’ன்னு தனித் தலைப்பு போட்டு மொத்தமா வச்சிடுங்க: எந்த வீட்டுல பொறந்தேன், எந்தச் சாதி, எப்போலேர்ந்து பாடுறேன், எதுனால என் கண்ணுக்கு எது தெரியாமப் போகலாம். கடைமடை கேட்ட தெரு விவகாரமும் அங்கதான் வரணும். ‘பாடும்போது எனக்கு மெய் சிலிர்த்தது’ங்கிறது தரவு இல்லை, அதை உங்க நெறியாளர் அடிச்சது நியாயம். ஆனா கூடப் பாடினதால மட்டுமே தெரிய வந்த ஒன்னு இருந்தா, அதை அடிக்க அவருக்கும் மனசு வராது. அப்படி ஒன்னு இருக்கா உங்ககிட்ட?

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன். இங்க இது கடைச்சரக்கா ஆயிட்டுது. வார இறுதியில தியானம், கூடவே மெழுகுவத்தி. சில கருத்தரங்குல காளியைப் பத்திக் கேக்குறப்போ சமயபுரத்தா ஞாபகம் வந்து எழுந்து போயிடலாம்னு தோணும்.


குடமுருட்டி · புதன், இரவு 11:48

இருக்கு. ரெண்டு நாளா அதைத்தான் எழுத முடியாம இருந்தேன்.

நீத்தல் விண்ணப்பம், மூணாவது பாட்டு. கட்டளைக் கலித்துறை.

காருறு கண்ணியர் ஐம்புலன் ஆற்றங் கரைமரமாய்
வேருறு வேனை விடுதிகண் டாய்விளங் குந்திருவா
ரூருறை வாய்...

அச்சுல பாருங்க. சீர் கணக்குக்காகத் திருவாரூர் ரெண்டா உடையுது. ‘திருவா’ ஒரு அடியில, ‘ரூர்’ அடுத்த அடியில. நான் அப்படித்தான் பாடிப் பழகியிருந்தேன், அடி முடிஞ்சா மூச்சு. அந்தக் குழுவுல முதல் நாள் என் குரல் மட்டும் தனியா அறுந்து நின்னுது. அவங்க யாரும் அங்க மூச்சு விடலை. ‘விடுதி கண்டாய்’ல நிறுத்தி, நல்லா மூச்சை இழுத்து, ‘விளங்கும் திருவாரூர் உறைவாய்’னு ஒரே வீச்சுல தாண்டிப் போறாங்க. ஏன்னு கேட்டேன். “நம்ம ஊர்ப் பேரை ரெண்டா ஒடிப்பியாடி நீ?” அவ்வளவுதான் பதில்.

அதனால என்ன ஆகுதுன்னா, ‘என்னைக் கைவிட்டுடுவியா’ங்கிற அந்த வார்த்தைக்குப் பின்னாடி ஒரு நிசப்தம் விழுது. 50 பாட்டுலயும் ‘விடுதி கண்டாய்’ வருது, ஆனா இந்தப் பாட்டுல மட்டும் அவ்வளவு நீளமா. நாற்பது பொம்பளைங்க ஒரே சமயத்துல மூச்சை இழுக்கிற சத்தம் கேக்கும். ஒலிப்பதிவுல அது விசிறிச் சத்தத்தோட கலந்து போச்சு. என் மூச்சு தவறலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.

இதே பாட்டுல இன்னொன்னு. ‘காருறு கண்ணியர்’னா கரிய கண் உள்ள பெண்கள். அவங்க பின்னாடி போய் ஆத்தங்கரை மரம் மாதிரி வேரூன்றி நிக்கிறேனேன்னு ஒரு ஆம்பளை அழற பாட்டு. அதைப் பொம்பளைங்க உட்கார்ந்து பாடுறப்போ என்ன நினைச்சுக்கிறாங்க? என் ஆய்வோட மையக் கேள்வியே இதுதான். நேர்காணல் படிவத்துல கேட்டப்போ எல்லாரும் ‘எல்லாம் அவன் செயல்’னு எழுதிக் கொடுத்துட்டாங்க. ஒரு தடவை எலை போட்டு முடிஞ்சு பாத்திரம் தேய்க்கிறப்போ பெரியம்மா தானா சொன்னாங்க:

“கண்ணியர் கிண்ணியர் எல்லாம் எனக்கு வராதுடி. ஆத்தங்கரை மரம்னதும் எங்க கொல்லை ஒதியமரம் வந்துடும். 77 புயல்ல போச்சு. முந்தின நாள்கூட அதுலதான் துணி காயப்போட்டேன். தண்ணியைக் குடிச்சுத்தான் வளந்துது, தண்ணிதான் வேரைத் தோண்டுச்சு. எங்க மாமியாரும் அப்படித்தான். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன் என் மருமகளுக்கு.”

இதை எந்தத் தலைப்புக்குக் கீழ வைக்கிறதுன்னு இன்னும் தெரியலை.

கடைமடை அண்ணே, நீங்க கேட்டதுக்கு: மூணு குழுவும் மேலத் தெருதான். குத்தாலம் குழுவுல மட்டும் காலனியிலேர்ந்து ரெண்டு அக்கா வர்றாங்க, ஒரு பாட்டியம்மா கூட்டிட்டு வந்தாங்க. அவங்க கடைசி வரிசையில உட்கார்றாங்க. யாரும் உட்காரச் சொல்லலை. ஆனா உட்கார்றாங்க. இதை இன்னும் எழுதலை. எழுதணும்.


மாவிலை (திருவிடைமருதூர்) · வியாழன், காலை 9:20

அந்த ஒதியமரத்தைப் படிச்சுட்டு ரெண்டு தடவை எழுந்து நடந்தேன்.

ஆவுடையக்காளைப் பத்தி யாருமே சொல்லலையே! நம்ம திருவிசநல்லூர்ல பொறந்து, சின்ன வயசுலயே விதவையாகி, அத்வைதத்தைக் கும்மியாவும் ஊஞ்சலாவும் பாடினவங்க. தீட்டு, எச்சில்னு மூலையில உட்கார வச்சதையே எடுத்து வச்சு வேதாந்தம் கேட்டவங்க.


திண்ணை_வாத்தியார் · வியாழன், காலை 10:05

ஒரு திருத்தம். அக்காள் பிறந்தது செங்கோட்டை. குரு ஸ்ரீதர ஐயாவாள்தான் திருவிசநல்லூர், கார்த்திகை அமாவாசைக்குக் கிணற்றில் கங்கை வரும் என்று ஊரே குளிக்கப் போகிறதே, அந்த வீட்டுக்காரர். மற்றபடி நீங்கள் சொன்னது சரி. அந்தப் பாட்டெல்லாம் அச்சேறும் முன் நெல்லைச் சீமையில் பெண்கள் வாய்வழியாகவே காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

திருவிசநல்லூர் என்றதும் இன்னொன்று. தேவாரத்தில் அந்த ஊர் திருவியலூர். மெய்கண்ட சாத்திரங்கள் 14-இல் காலத்தால் முந்திய திருவுந்தியாரைச் செய்தவர் திருவியலூர் உய்யவந்ததேவர். 45 பாட்டு, ஒவ்வொன்றும் ‘உந்தீபற’ என்று முடியும். உந்தி பறத்தல் சிறுமியர் விளையாட்டு! ஞானத்தைச் சொல்ல வந்த பெரியவர் பெண்பிள்ளைகள் குதிக்கும் தாளத்தைத்தான் கடன் வாங்கினார். மாணிக்கவாசகரும் அப்படியே: அம்மானை, பொற்சுண்ணம், சாழல், பூவல்லி, தோணோக்கம், பொன்னூசல். எல்லாம் பெண்கள் கூடிச் செய்கிற வேலையும் விளையாட்டும். உங்கள் பெரியம்மா வெளியிலிருந்து வந்து திருவாசகத்தைப் பாடவில்லை. வாங்கியவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்.


மாவிலை · வியாழன், காலை 10:11

செங்கோட்டை. ஆமாம். கிணத்துல குளிச்ச ஞாபகத்துல எழுதிட்டேன்.


தைக்காத்_தெரு (நாகூர்) · வியாழன், மாலை 6:30

கும்மி, ஊஞ்சல்னு வாத்தியார் சொன்னதும் வந்தேன். எங்க சைடுலயும் இது உண்டு. கீழக்கரை ஆசியா உம்மா மெய்ஞ்ஞானப் பாட்டு நிறைய எழுதினவங்க. மாடியிலேயே தனிச்சு இருந்ததால மேல்வீட்டுப் பிள்ளைன்னு பேரு. எங்க பெரியம்மா அதுலேர்ந்து நாலஞ்சு பாட்டு மனப்பாடமா வச்சிருந்தாங்க. அரிசி பொறுக்கிக்கிட்டே ராகம் போடுவாங்க.

தர்கா கந்தூரிக்கு வர்ற ஆய்வாளருங்க எல்லாரும் சந்தனக் கூட்டையும் சந்தனத்தையும் போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. அரிசி பொறுக்குற இடத்துக்கு ஒருத்தரும் வந்ததில்லை. குடமுருட்டி பாத்திரம் தேய்ச்சாங்கல்ல, அதான் விஷயம்.


தில்லைஸ்தானம் (திருவையாறு) · வியாழன், இரவு 9:45

படிப்பு, பக்தி ரெண்டையும் ஒருசேரச் செஞ்சு காட்டின ஆள் எங்க ஊர்லயே சமாதி ஆகியிருக்காங்க. பெங்களூர் நாகரத்தினம்மாள்.

தஞ்சை மராத்திய அரசவையில இருந்த முத்துப்பழனி தெலுங்குல எழுதின ராதிகா சாந்த்வனத்தை, முன்னாடி வந்த பதிப்புல வெட்டின இடங்களைத் திரும்பச் சேர்த்து 1910-ல பதிப்பிச்சாங்க. பிரதி தேடி, ஒப்பிட்டு, முன்னுரை எழுதி. எழுதினதும் ஒரு தாசி, பதிப்பிச்சதும் ஒரு தாசின்னு பெரியவங்க கொதிச்சாங்க, அரசாங்கம் தடையே போட்டுது. அதே அம்மா இங்க வந்து, சிதிலமா கிடந்த தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் கட்டினாங்க. கட்டின இடத்துல ஆராதனையில பொம்பளைங்க பாடக்கூடாதுன்னாங்க. தனியா பெண்கள் கோஷ்டி சேர்த்துப் பாட வச்சாங்க. 1952-ல போய்ச் சேர்ந்தாங்க. தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தாப்புல அவங்க சமாதி.

பதிப்பாசிரியரா பக்தையான்னு அவங்ககிட்ட யாரும் கேட்கலை. வேற ஒரு பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. இன்னிக்குப் பஞ்சரத்னத்துக்கு டிவி கேமரா முன்னாடி வரிசையா உட்கார்றவங்கள்ல எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாங்கன்னு தை மாசம் வந்தா எண்ணுங்க.


கடைமடை · வெள்ளி, காலை 7:00

குடமுருட்டி, அந்தக் கடைசி வரிசையை எழுதுங்க. ‘யாரும் உட்காரச் சொல்லலை, ஆனா உட்கார்றாங்க’. இதுதான் உங்க ஆய்வேட்டுலயே நல்ல வாக்கியமா வரும். ஆனா அந்த ரெண்டு அக்காகிட்ட முதல்ல கேளுங்க. நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க, அவங்க அடுத்த ஞாயித்துக்கிழமையும் அங்க போகணும்.

ஒதியமரம் நல்ல விஷயம், ஒத்துக்கிறேன். கூடவே ஒரு சந்தேகம். பெரியம்மா மரத்தைச் சொல்லி ‘கண்ணியர்’ங்கிற வார்த்தையைத் தாண்டிப் போயிட்டாங்களே, அது ஞானமா, இல்ல அதைப் பத்திப் பேசாம இருக்கக் கத்துக்கிட்ட பழக்கமா? கூடப் பாடினதால உங்களுக்கு மூச்சு தெரிஞ்சுது. கூடப் பாடினதாலயே இந்தச் சந்தேகம் உங்களுக்கு வராமப் போகலாம்.


குடமுருட்டி · வெள்ளி, இரவு 10:15

அண்ணே, ரெண்டுமா இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா அவங்க பேசத் தெரியாதவங்க இல்லை. ஒன்னு சொல்றேன், நீங்களே பாருங்க.

ஆனியில மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் போயிருந்தோம், வேன் பிடிச்சு இருபது பேர். மொட்டை மாடியிலேர்ந்து மாம்பழம் வீசுறாங்க, கீழ ஒரே தள்ளுமுள்ளு. எனக்கு ஒன்னு கிடைச்சுது, நசுங்கி. திரும்பி வர்றப்போ வாய் சும்மா இருக்காம, “அம்மையார் பாட்டுல எங்கேயும் மாம்பழமே இல்லை, தெரியுமா? அந்தக் கதையெல்லாம் பல நூற்றாண்டு கழிச்சுச் சேக்கிழார் சொல்லித்தான் நமக்குத் தெரியுது. அவங்க தன்னைக் காரைக்காற்பேய்னு மட்டும்தான் சொல்லிக்கிறாங்க”ன்னு சொல்லிட்டேன். வேன்ல ஒரு சத்தமும் இல்லை. செத்தேன்னு நினைச்சேன்.

பெரியம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: “பேய்னே எழுதி வச்சாளா? அப்ப சேக்கிழார் நல்ல வேலை பண்ணார். மாம்பழத்தைக் கொடுத்ததாலதான் அவளைத் தெருவுல தூக்கிட்டு வர்றாங்க. பேயை எவன் வீட்டு வாசல்ல நிறுத்துவான்?”

கொஞ்ச தூரம் போனப்புறம் திரும்பி, “அந்தப் பேய்ப் பாட்டைச் சொல்லிக் குடு”ன்னாங்க. அற்புதத் திருவந்தாதி முதல் பாட்டு சொன்னேன். ‘பிறந்து மொழிபயின்ற பின்னெல்லாம் காதல் சிறந்துநின் சேவடியே சேர்ந்தேன்’. திருநள்ளாறு தாண்டுறதுக்குள்ள வேன் முழுக்க மனப்பாடம். இப்ப 101 பாட்டையும் படிக்கணும்ங்கறாங்க, ஞாயிறு மதியத்துக்கு மேல நான்தான் வாத்தியார்.

அயல்கரை அக்கா, நீங்க சொன்ன மாதிரி ‘ஆய்வாளர் நிலை’ எழுதிக் கொடுத்தேன், பன்னிரண்டு பக்கம். திருவாரூர் உடையற இடத்தை நெறியாளர் படிச்சுட்டு, தானே மெதுவா ஒருதரம் சொல்லிப் பார்த்தார். ‘இது இருக்கட்டும்’ன்னார். மெய் சிலிர்த்த நாலு வாக்கியமும் போச்சு. போகட்டும்.

தீட்சையைப் பத்தி யாருமே வாயைத் திறக்கலையே?


அயல்கரை · சனி, அதிகாலை 4:50

வேணும்னே விட்டேன். ஆய்வுக்காக வாங்காதீங்க, அது ரெண்டு பேரையும் ஏமாத்துறது. வேணும்னு தோணி வாங்கினீங்கன்னா, அங்க சொல்லிக் கொடுக்கிறது ஆய்வேட்டுக்குள்ள வரக்கூடாது. எந்த வரைக்கும் எழுதுவேன், எங்க நிறுத்துவேன்னு பெரியம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.


குடமுருட்டி · ஞாயிறு, இரவு 9:30

இன்னிக்குச் சொல்லிட்டேன். வாய்மொழித் தேர்வு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் பெரியம்மான்னேன். “தீட்சைக்கு என்ன அவசரம், நான் இன்னும் பத்து வருஷம் இருப்பேன்”னு சொல்லி, குறிப்பேட்டை நீட்டினாங்க. போன வாரம் நான் மறந்து வச்சுட்டு வந்தது. அதுல நான் தப்பா எழுதியிருந்த ரெண்டு இடத்தைப் பென்சில்ல திருத்தியிருக்காங்க. படிச்சிருக்காங்க முழுசையும். மாமியார் விஷயத்தையும்.

குத்தாலத்து அக்காங்ககிட்டயும் கேட்டேன். ஒருத்தங்க எழுதிக்கோன்னாங்க. இன்னொருத்தங்க வேணாம்னாங்க. வேணாம்னவங்களை விட்டுட்டேன்.

கடைமடை அண்ணே, உங்கம்மா முணுமுணுக்கிறதைக் கேக்கணும்னு பெரியம்மாவுக்கு ஆசை, இந்த இழையை வாசிச்சுக் காட்டினேன். அடுத்த முற்றோதலுக்கு அழைச்சுட்டு வர முடியுமா? பஸ் சார்ஜ் நாங்க பார்த்துக்கிறோம்.


நெல்லுக்கடை · ஞாயிறு, இரவு 9:41

சாப்பாடு இன்னும் சொல்லலை.


குடமுருட்டி · ஞாயிறு, இரவு 9:44

சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், புளியோதரை, மோர். பருப்புக்குப் பதில் கிடைச்சுதா?


கடைமடை · திங்கள், காலை 6:20

அம்மாகிட்ட சொன்னேன். “நான் எதுக்கு அங்க போகணும்? கேக்கணும்னா அவங்க வரட்டும்”னுடுச்சு.


குடமுருட்டி · திங்கள், காலை 6:35

எப்ப வரலாம்?


கடைமடை · திங்கள், மதியம் 12:50

சம்பா நடவு முடியட்டும். இந்த வருஷம் தண்ணி கடைமடைக்கு இன்னும் வந்து சேரலை. வந்தா ஒரு வயல் கை நடவுதான், மெஷின் இறங்காது அதுல. அன்னிக்கே வாங்க. செருப்பை வரப்புல கழட்டிட்டு இறங்கணும்னு பெரியம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வச்சுருங்க.